கால் நகம் சதையில் குத்தினால்: மாத்திரைக்கும் கத்திக்கும் முன்னால்

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, அந்த இடம் சிவந்து வீங்கி, அப்புறம் சீழ் கட்டி விண்விண்ணென்று தெறிக்கும் பாருங்கள், ராத்திரி போர்வையின் நுனி பட்டால்கூட உயிர் போய்த் திரும்பும். பட்டவர்களுக்குத்தான் தெரியும். வெளியே சொன்னால் "நகம்தானே, வெட்டிப் போடு" என்பார்கள். அந்த வெட்டில்தான் பாதிப் பேருக்கு இது ஆரம்பிக்கிறது என்பது வேறு கதை.

எனக்கு இது குடும்பச் சொத்து மாதிரி. அப்பாவுக்கும் பெருவிரல் நகம் இரண்டு பக்கமும் நன்றாக வளைந்து கீழே இறங்கியிருக்கும், எனக்கும் அப்படியே. அதனால் பல வருடங்களாக இதோடு வாழ்ந்து, பல மருத்துவர்களைப் பார்த்து, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நோயாளிக்குப் புரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இது முதலில் நகம் சதையைக் குத்துகிற பிரச்சினை, அதற்குப் பிறகுதான் கிருமிப் பிரச்சினை. நகமும் சதையும் ஒன்றையொன்று குத்தாமல் பிரித்து வைத்து, நகம் வளர்ந்து வெளியே வரும்வரை அப்படியே காத்தால், ஆரம்ப நிலையிலும் நடு நிலையிலும் இருக்கும் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். பிரித்து வைக்காமல் வேறு எதைச் செய்தாலும் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வரும்.

உள்ளே நடப்பது இதுதான். நகத்தின் ஓரத்தை மிகவும் ஒட்ட வெட்டும்போதோ, கையால் பிய்க்கும்போதோ, மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர் மிஞ்சிவிடுகிறது. அதன் முன்னால் நகம் இல்லாததால் சதை மேலே எழும்பி அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. நகம் வளர வளர அந்தக் கூர் நேராகச் சதைக்குள் போகிறது. முள் குத்தி உள்ளேயே தங்கிவிட்டால் உடம்பு எப்படி அதைச் சுற்றி வீங்கிச் சீழ் வைத்து வெளியே தள்ளப் பார்க்குமோ, அதேதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், இந்த முள் இன்னொரு முனையில் நம் உடம்போடு ஒட்டியிருக்கிறது, அதனால் வெளியே தள்ள முடியாது. இறுக்கமான ஷூ, முன்பக்கம் கூம்பிய செருப்பு, அதிகமாக வியர்க்கும் கால், பந்து விளையாடும்போது படும் அடி, இயல்பிலேயே வளைந்த நகம், கர்ப்ப காலத்தில் வரும் கால் வீக்கம் எல்லாம் இதைத் தூண்டும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், சில வகைப் புற்றுநோய் மருந்துகள் சாப்பிடும்போதும் நக ஓரத்தில் இந்த மாதிரி வீக்கமும் சதை வளர்ச்சியும் வரலாம். புதிதாக மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இது வந்தது என்றால் மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நாம் சொல்லாமல் அவர்கள் கால் விரலையும் முகப்பருவையும் இணைத்துப் பார்க்க வாய்ப்புக் குறைவு.

மருத்துவர்கள் இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் சிவப்பு, லேசான வீக்கம், அழுத்தினால் வலி. இரண்டாவதில் சீழோ நீரோ கசியும், வலி தானாகவே இருக்கும். மூன்றாவதில் நக ஓரத்தில் சிவப்பாக, ஈரமாக, தொட்டாலே ரத்தம் வருகிற கூடுதல் சதை வளர்ந்து நகத்தின் மேலேயே ஏறிவிடும். வீட்டு வைத்தியம் நன்றாக வேலை செய்வது முதல் நிலையில். இரண்டாவதில் பொறுமை இருந்தால் பலிக்கும். மூன்றாவது நிலையில் நீங்களே போராடுவதில் அர்த்தமில்லை.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஒரு மருத்துவமனையில் நகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட்டவரை சிவப்பு குறைந்தது, நிறுத்திய பிறகு திரும்ப வந்தது, போனால் வேறு மாத்திரை. கூர் உள்ளேயே இருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்? 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீழ் பிடித்த நிலையில் வந்தவர்களுக்கு நக ஓரத்தை எடுத்து, அந்த ஓரம் மறுபடி முளைக்காமல் வேரைச் சுடும் சிகிச்சையை ஆன்டிபயாட்டிக்கோடு சிலருக்கும், ஆன்டிபயாட்டிக் இல்லாமல் சிலருக்கும் செய்து பார்த்தார்கள். ஆறுவதற்கு ஆன நேரத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது குத்துகிற நகத்தை எடுத்துவிட்டால் அந்தச் சின்னத் தொற்றை உடம்பே பார்த்துக்கொள்கிறது.

அதற்காக ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பு நக ஓரத்தைத் தாண்டி விரல் முழுக்கவோ பாதத்துக்கோ பரவுகிறது, பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு தெரிகிறது, காய்ச்சல் குளிர் வருகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்றால் அது வேறு நிலைமை. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், மாத்திரை கட்டாயம் தேவைப்படும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பரவுகிறதா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

இதற்கு மேல் படிப்பதற்கு முன் ஒன்று. சர்க்கரை நோய் இருப்பவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், இவர்களெல்லாம் கீழே சொல்லும் எதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மரத்துப்போன காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ரத்த ஓட்டம் சரியில்லாத விரலில் ஒரு சின்னக் கீறல் ஆறாமல் புண்ணாகி, எலும்புவரைக்கும் போய் விரலையே எடுக்கும் நிலைமை வந்துவிடலாம். அவர்களுக்கு முதல் நாளே மருத்துவர்தான்.

சரி, மற்றவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் வெதுவெதுப்பான நீரில் காலை ஊற வைப்பது. ஒரு தடவைக்கு 10 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். உப்புப் போடலாமா, எப்சம் உப்புதான் வேண்டுமா, கிருமிநாசினி ஊற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வெறும் தண்ணீரைவிட இவை பெரிதாக ஏதும் செய்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. போட்டால் தப்பும் இல்லை. ஊறுவதால் நகமும் அதைச் சுற்றிய தோலும் மிருதுவாகி, கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும் சீழும் பொருக்கும் இளகி வெளியே வரும், அடுத்து செய்யப்போகிற வேலை சுலபமாகும். ஊற வைத்ததற்குப் பின் விரல் இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். எப்போதும் ஈரமாகவே இருக்கும் நக ஓரத்தில் வேறு கிருமிகள் குடியேறும், நகம் பச்சை நிறமாகிறது என்றால் சூடோமோனாஸ் என்ற ஈரத்தை விரும்பும் பாக்டீரியாவாக இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தினமும் ஊற்றினால் அது ஆறிக்கொண்டிருக்கும் சதையையும் சேர்த்து அரிக்கிறது.

ஊறி மிருதுவானதும் பஞ்சு வைக்கலாம். ஒரு சின்னப் பஞ்சை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டி, நூலைவிடக் கொஞ்சம் தடிமனான திரியாக்கி, தண்ணீரில் நனைத்து, நகத்தின் மூலையை மெதுவாக ஒரு மழுங்கின முனையால் தூக்கி அடியில் செருக வேண்டும். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் அது ஒரு மெத்தை. மெழுகு தடவாத பல் இடுக்கு நூலையும் இதே மாதிரி உள்ளே விட்டு வைக்கலாம். முதல் தடவை வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செருகி முடித்துச் சிறிது நேரம் போனதும் அந்தத் தெறிப்பு சட்டென்று குறையும், ஏனென்றால் குத்திக்கொண்டிருந்த முனை இப்போது பஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தினமும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், பழைய ஈரப் பஞ்சு உள்ளேயே கிடந்தால் அதுவே தொற்றுக்கு இடம். ஒரே நாளில் ஆழமாகத் திணிக்க நினைக்காதீர்கள், முதல் நாள் கொஞ்சம், அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம் உள்ளே என்று போனால் போதும். தூக்கவே முடியாத அளவு வலித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், விரலை மரக்க வைத்து அவர்கள் செய்வார்கள்.

பஞ்சைவிட எனக்குப் பிடித்தது டேப் முறை. இதைப் பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது, செலவும் கிட்டத்தட்ட இல்லை, சதையில் எதையும் செருக வேண்டியதில்லை. யோசனை மிக எளிது: நகத்தைச் சதையிலிருந்து தூக்குவதற்குப் பதிலாகச் சதையை நகத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது. கொஞ்சம் இழுபடும் தன்மையுள்ள, துணி மாதிரியான ஒட்டு டேப் வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், விரலைச் சாய்வாக ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டிய நீளத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். விரலைக் கழுவி முழுக்க உலர்த்தி, எண்ணெய்ப்பசை போக ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், புண்ணின் மேல் ஸ்பிரிட் படாமல். டேப்பின் ஒரு முனையை வீங்கிய சதை மேட்டில், நகத்தின் விளிம்புக்கு மிக அருகில், ஆனால் நகத்தின் மேல் ஏறாமல் ஒட்டுங்கள். இப்போது மறு கையின் விரலால் அந்தச் சதையை நகத்திலிருந்து விலக்கிக் கீழ்ப்பக்கமாக அழுத்திக்கொண்டே, டேப்பை விரலின் அடிப்பக்கம் வழியாகச் சாய்வாக இழுத்துச் சுற்றி, நகத்துக்குப் பின்னால் விரலின் மேல்பக்கத்தில் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டினால் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். அது தெரியவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

இதில் சொதப்புகிற இடங்கள் இரண்டு. ஒன்று, விரலைச் சுற்றி வளையம் மாதிரி இறுக்கமாகக் கட்டிவிடுவது. விரல் நுனி வெளுத்தாலோ நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்ற வேண்டும். சாய்வாகச் சுற்றினால் இந்த ஆபத்து குறைவு. இன்னொன்று, வியர்வையிலும் கசிவிலும் டேப் உரிந்துவிடுவது. சீழ் ஒழுகிக்கொண்டிருக்கும் நாட்களில் டேப் நிற்காது, அப்போது ஊற வைப்பதும் பஞ்சும்தான், கசிவு நின்ற பிறகு டேப்புக்கு மாறலாம். தினமும், அல்லது தளர்ந்த உடனே, புது டேப். டேப் ஒட்டின இடத்தில் அரிப்பும் கொப்புளமும் வந்தால் அந்தப் பசை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வகை மாற்றிப் பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு நாள் கை பழகவில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பல் தேய்க்கிற நேரம்கூட ஆகாது.

மருத்துவரிடம் போனால் கத்தி இல்லாமலே இன்னும் இரண்டு வழிகள் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, நகத்தின் ஓரத்தில் உறை போல மாட்டிவிடுவது ஒன்று. விரலை மரக்க வைத்துத்தான் செய்வார்கள், ஊசியின் மரப்பு போன பிறகும் பழைய வலி பெரும்பாலும் திரும்புவதில்லை. சலைன் ஏற்றும் குழாயின் துண்டையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எவ்வளவு எளிமையான விஷயம்! மற்றொன்று, நகத்தின் மேல் ஒரு மெல்லிய கம்பியையோ பிளாஸ்டிக் பட்டையையோ ஒட்டி, வளைந்த ஓரங்களை மெல்ல மெல்ல மேலே இழுப்பது, பல்லுக்குக் கம்பி போடுகிற அதே தத்துவம். என்னைப் போல இயல்பாகவே நகம் உள்நோக்கி வளைந்தவர்களுக்கு இது பொருத்தம், ஆனால் நகம் வளர வளரக் கம்பியை மாற்றிப் பொருத்த அவ்வப்போது போய்வர வேண்டும், கம்பியை எடுத்த பிறகு நகம் பழையபடி வளையவும் கூடும்.

ஓரச் சதை தடித்துச் சிவந்திருக்கும்போது சில மருத்துவர்கள் ஓரளவு வீரியமுள்ள ஸ்டீராய்டு கிரீமைச் சில நாட்களுக்கு, ஊறவைத்துத் துடைத்த பிறகு தடவச் சொல்வார்கள். தொற்று இருக்கிற இடத்தில் ஸ்டீராய்டா என்று முதலில் எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. இங்கே வீக்கத்தில் பெரும்பகுதி குத்தலால் வருவது, கிருமியால் அல்ல, அதனால்தான் அது பலன் தருகிறது. ஆனால் இது நாமே கடையில் வாங்கித் தடவுகிற சமாச்சாரம் இல்லை, சீழ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கூடுதல் சதை சின்னதாக இருந்தால் சில்வர் நைட்ரேட் என்ற ரசாயனத்தைத் தொட்டுச் சுடுவதும் உண்டு. ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் போட்டால் கெடுதல் இல்லை, நியோமைசின் சேர்ந்தவை மட்டும் சிலருக்குத் தோல் அலர்ஜி தரும், போடப் போட சிவப்பு கூடுகிறது என்றால் ஆயின்மென்ட்டைச் சந்தேகியுங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும், போதவில்லை என்றால் ஐபுபுரோஃபென், வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்களுக்கு. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் தெறிப்பு நன்றாகவே குறையும்.

ஷூ. இதைச் சரி செய்யாமல் மேலே சொன்னது எதைச் செய்தாலும் வீண். ஆறும்வரை முன்பக்கம் திறந்த செருப்பு நல்லது. அது முடியாதவர்கள் ஒரு காகிதத்தில் நின்றபடி பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து வெட்டி, அந்தக் காகிதத்தை ஷூவுக்குள் வைத்துப் பாருங்கள், ஓரம் மடங்குகிறது என்றால் அந்த ஷூ உங்கள் காலுக்குரியது இல்லை. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடமாவது வேண்டும். பெரிய அளவு வாங்கிவிட்டுக் கயிற்றைத் தளர்வாகக் கட்டினாலும் தப்புதான், இறக்கத்தில் நடக்கும்போது கால் முன்னால் சறுக்கி விரல் இடிக்கும். இறுக்கமான சாக்ஸும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், அதை யாரும் கவனிப்பதில்லை.

எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், கை நகத்தின் வேகத்தில் பாதிகூட இல்லை. பெருவிரல் நகம் முழுசாகப் புதிதாக வர 12 முதல் 18 மாதம். இப்போது உங்கள் நகத்தின் மூலை சதை விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே வெட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அது சதையைத் தாண்டி வெளியே தலைகாட்ட இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். வலி ஒரு வாரத்தில் போய்விடும், அங்கேதான் எல்லோரும் டேப்பையும் பஞ்சையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், கூர் இன்னும் உள்ளேயே இருக்கிறது. வலி போன பிறகும் மூலை வெளியே வரும்வரை தொடர வேண்டும், அதுவரை அந்த மூலையை வெட்டவே கூடாது. வளர்ந்து வருகிற மூலை கொஞ்சம் உறுத்தும்போது, "இதை மட்டும் நறுக்கிவிட்டால் நிம்மதி" என்று கை பரபரக்கும். நறுக்கினால் நிஜமாகவே நிம்மதியாகத்தான் இருக்கும், சில வாரத்துக்கு. அப்புறம் முதலிலிருந்து ஆரம்பம்.

நகத்தில் வலி என்றாலே இதுதான் என்று நினைக்கவும் கூடாது. நகம் உள்ளே குத்தாமலே நகத்தைச் சுற்றிய தோலில் சீழ் கட்டுவது நகச்சுற்று. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி, தோல் உரிந்த இடம் வழியாக நுழைந்திருக்கும். ஆரம்பத்தில் வெந்நீரில் ஊற வைத்தாலே அடங்கும், சீழ் திரண்டு மெத்தென்று தெரிந்தால் மருத்துவர் அதைத் திறந்துவிட வேண்டும், நீங்களே ஊசியால் குத்திப் பிதுக்காதீர்கள். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நகச்சுற்று வேறு ஜாதி. அதை வெகு காலம் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2002-ல் இத்தாலியத் தோல் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது பூஞ்சை மாத்திரைகளைவிட ஸ்டீராய்டு கிரீம்தான் நன்றாக வேலை செய்தது, ஈரமும் சோப்பும் ரசாயனமும் படுவதால் வரும் அழற்சியே அதில் முக்கியம்.

நகமே தடித்து மஞ்சளாகி உதிர்ந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். பொதுவாக வலிக்காது, தடித்த நகம் ஷூவில் அழுத்தினால் வலிக்கும். அதற்கு டெர்பினாஃபின் மாத்திரை 12 வாரம், கல்லீரல் பரிசோதனையோடு. சாப்பிடுவதற்கு முன் நகத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பூஞ்சைதான் என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள், தடித்த மஞ்சள் நகமெல்லாம் பூஞ்சை இல்லை. ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இன்னொன்று வரும்: முன்னால் இடித்து இடித்து நகம் பின்னால் நகர்ந்து, அடியில் புது நகம் முளைத்து, பழைய நகம் பின்பக்கத் தோலைக் குத்தும். நகம் வளர்வதே நின்றுவிட்டது, பின் ஓரம் வீங்கியிருக்கிறது என்றால் இதுவாக இருக்கலாம். இதற்குப் பஞ்சும் டேப்பும் உதவாது, நகத்தை எடுத்தால்தான் தீரும். நகத்தடியில் அடிபடாமலே கருப்புப் பட்டை வந்து அகலமாகிறது, கருமை தோலுக்கும் பரவுகிறது, அல்லது சதை வளர்ச்சி என்ன செய்தும் ஆறவில்லை என்றால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டி, சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். அபூர்வம்தான், ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நகத்தடியில் வரும்போது தொற்று என்றே பல மாதம் ஏமாற்றும்.

எப்போது அறுவை சிகிச்சைக்குச் சரி சொல்வது? ஓரிரு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவே இல்லை, சதை நகத்தின் மேல் ஏறிவிட்டது, ஆறி ஆறித் திரும்ப வருகிறது, இந்த மூன்றில் எது நடந்தாலும் பிடிவாதம் வேண்டாம். திரும்ப வராமல் தடுப்பதில் அறுவை சிகிச்சைதான் மேல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாய்வு சொல்கிறது, அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: வெறுமனே நகத்தை எடுப்பதைவிட, ஓரத்தை மட்டும் எடுத்து அதன் வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவிச் சுட்டால் திரும்ப வருவது குறைகிறது. ஆகவே "முழு நகத்தையும் பிடுங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஓரத்தை மட்டும் எடுத்து வேரைச் சுடக் கூடாதா என்று கேளுங்கள். முழுசாக எடுத்தால் அதே வேரிலிருந்து அதே வளைவோடு நகம் திரும்ப முளைக்கும். ஓரம் எடுப்பது விரலை மட்டும் மரக்க வைத்துச் செய்கிற சின்ன வேலை, அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வரலாம், ஃபீனால் பட்ட இடம் மட்டும் சில வாரம் கசியும். என் இடது கால் அப்படிச் சரியானதுதான். வலது காலுக்கு டேப்பே போதுமாக இருந்தது.

கடைசியாக வெட்டுகிற முறை. குளித்த பிறகு, நகம் மிருதுவாக இருக்கும்போது, கூரான நகவெட்டியால் நேர்க்கோட்டில் வெட்டுங்கள், மூலைகள் சதைக்கு வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூர் இருந்தால் அரத்தால் லேசாகத் தேயுங்கள், உள்ளே நோண்ட வேண்டாம். நடுவில் வி வடிவத்தில் ஒரு வெட்டுப் போட்டால் நகம் நடுவை நோக்கி வளர்ந்து ஓரம் விலகும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. நகம் வளர்வது பின்னால் இருக்கும் வேரிலிருந்து, முன் நுனியில் நீங்கள் எந்த வடிவம் வெட்டினாலும் வேருக்கு அது தெரியப் போவதில்லை. வளைந்த வாய் கொண்ட சின்ன நகவெட்டி கை நகத்துக்குச் சரி, கால் பெருவிரலுக்கு நேரான வாயுள்ள பெரிய நகவெட்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து வெட்ட முடியாத வயதானவர்கள் வீட்டில் இருந்தால், கண்ணும் கையும் சரியாக இருக்கிற வேறொருவர் வெட்டிவிடுவது நல்லது, எட்டாமல் பாதி வெட்டிப் பாதி பிய்த்த நகத்தில்தான் அவர்களுக்கு இது வருகிறது.